போவா ராணி வயித்துல குட்டியா, வெறும் கொழுப்பா? (பெங்களூரு, கொஞ்சம் அவசரம்)

அல்சூர்க்காரன் | பிப்ரவரி 16

எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பாம்பு வளக்குறவங்க ஃபோரத்துல ரெண்டு வருஷமா படிச்சுட்டு மட்டும் இருக்கேன், இன்னிக்குத்தான் மொத தடவ எழுதுறேன். வீடு அல்சூர் ஏரிக்குப் பின்னாடி, ரெண்டாவது மாடி, வாடகைதான். ஓனருக்கு "மீன் தொட்டி மாதிரி ஏதோ வெச்சிருக்கான்" அளவுக்குத் தெரியும், அதுக்கு மேல அவரும் கேக்கல நானும் சொல்லல.

என்கிட்ட ரெண்டு போவா (விஷமில்லாத, பெருசா வளர்ற வெளிநாட்டுப் பாம்பு). பொண்ணு பேரு ராணி, அஞ்சு வயசு, ஆறே முக்கால் அடி, கடைசியா வெயிட் போட்டப்ப 5.8 கிலோ. ஆண் பேரு முனியன், நாலு வயசு, அஞ்சடிக்குக் கொஞ்சம் கம்மி. ரெண்டுமே கொலம்பியன் லைன்னு சொல்லிக் குடுத்தாங்க, பேப்பர் இருக்கு, பரிவேஷ்ல (இந்த மாதிரி வெளிநாட்டு ஜீவராசியப் பதியுற அரசாங்க சைட்) என் பேர்ல ஏத்தியாச்சு.

விஷயம் என்னன்னா நான் ப்ரீட் பண்ணணும்னு நெனைக்கவே இல்ல. தீபாவளிக்கு வாணியம்பாடி கெளம்புற அன்னிக்குப் பாத்து முனியன் பெட்டில சூட்டக் கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட் செத்துப்போச்சு, வேற வழியில்லாம ராணி பெட்டில தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டேன். திரும்பி வந்ததும் புதுசு வாங்கணும் வாங்கணும்னு சொல்லியே டிசம்பர் முடிஞ்சுருச்சு, சோம்பேறித்தனம்தான், வேற காரணம் சொல்ல மாட்டேன். ரூம் ஜன்னல் வேற சரியா மூடாது, நைட்ல பெட்டி குளிர்ந்த பக்கம் 21, 22னு காட்டும்.

ஜனவரி 10 வாக்குல ஒரு நாள் காலைல பாக்குறேன், ராணி நடு உடம்பு ஃபுட்பால் முழுங்கின மாதிரி வீங்கி நிக்குது. பயந்துட்டேன், மலச்சிக்கல்னு நெனச்சு வெதுவெதுப்பான தண்ணில விட்டேன். மறுநாளே வீக்கம் எறங்கிருச்சு. அப்புறம் ஜனவரி 28 சட்டை உரிச்சா, ஒரே பீஸா அழகா வந்துச்சு. அதுல இருந்து எலிய மோந்து பாத்துட்டுத் தலைய திருப்பிக்குறா, நாள் முழுக்க பெட்டில சூடான பக்கத்த விட்டு நகர மாட்டேங்குறா, நேத்து நைட் பாதி உடம்ப மல்லாத்தி வயித்த மேல காட்டிப் படுத்திருந்தா, செத்துட்டாளோன்னு ஒரு நிமிஷம் உசுரே போச்சு. வாலுக்கு முன்னாடி பக்கம் செதிலுக்கு நடுவுல தோல் தெரியுற அளவுக்கு இழுத்துப் புடிச்சிருக்கு.

இது குட்டியா, நான் ஓவரா தீனி போட்ட கொழுப்பா? ஒட்டிக்கிட்டு இருந்தத நான் ஒரு தடவ கூடப் பாக்கல. குட்டின்னா நான் இப்ப என்ன செய்யணும்? எத்தன முட்டை போடும்னும் சொல்லுங்க.

---

பெட்டிக்குள்_பாம்பு | பிப்ரவரி 16

தம்பி மொதல்ல ஒரு விஷயம், முட்டையே போடாது. மலைப்பாம்புதான் முட்டை போட்டு அதச் சுத்திப் படுத்து அடைகாக்கும், போவா வயித்துக்குள்ளயே பொரிச்சு குட்டியா எறக்கும், நம்ம ஊரு கண்ணாடி விரியன், மண்ணுளி எல்லாம் குட்டி போடுதுல்ல அதே கணக்கு. அதனால இன்குபேட்டர் கின்குபேட்டர்னு எவனாவது விக்க வந்தா வாங்கிராத.

நீ சொல்றத வெச்சுப் பாத்தா 90 சதவீதம் குட்டிதான். அந்த ஃபுட்பால் வீக்கம் மலச்சிக்கல் இல்ல, அதான் ஓவுலேஷன், உள்ள கருமுட்டை வெளிய வர்ற நேரம். ஒரு நாள், மிஞ்சிப்போனா ரெண்டு நாள் இருக்கும், நெறைய பேரு அத மிஸ் பண்ணிருவாங்க, நீ பாத்துட்டு வெந்நீர்ல விட்டுருக்க. அது முடிஞ்சு ரெண்டு மூணு வாரத்துல ஒரு சட்டை உரிக்கும், உன் கணக்குல 18 நாள், கரெக்டா உக்காருது. இனிமே எண்ண வேண்டியது அந்த ஜனவரி 28ல இருந்துதான். அதுல இருந்து 100 முதல் 120 நாளுக்குள்ள எறக்கும், என்னோட ரெண்டு தடவையும் 104, 111. 105னு வெச்சா மே 13. காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சுக்கோ.

நான் லிங்கராஜபுரத்துல பத்து வருஷமா போவா வெச்சிருக்கேன், ரெண்டு ஈத்து பாத்துட்டேன், அதோட நிறுத்திட்டேன், ஏன்னு கடைசில சொல்றேன்.

இப்ப செய்ய வேண்டியது சூடுதான், மத்ததெல்லாம் அப்புறம். சேரணும்னா நைட்ல குளிரணும், அது உன் ஓட்ட ஜன்னல் புண்ணியத்துல தானா நடந்துருச்சு. ஆனா சூல் புடிச்சதுக்கு அப்புறம் குளிர விட்டா குட்டி வளைஞ்ச முதுகோட வரும், இல்ல செத்து வரும், இல்ல முழுக்க ஸ்லக்கா வரும் (ஸ்லக்னா கரு புடிக்காத, இல்ல ஆரம்பத்துலயே கரு செத்துப்போன மஞ்சக் கட்டி, ரப்பர் மாதிரி இருக்கும்). அதனால ஒரு பக்கம் 31, 32 ராத்திரி பகல் எந்நேரமும் இருக்கணும், இன்னொரு பக்கம் 26 போல விட்டுரு, எங்க படுக்கணும்னு அவளுக்கே தெரியும். மல்லாந்து படுக்குறது பயப்பட ஒண்ணுமில்ல, வயித்துக்கு நேரா சூடு வாங்குறா, அவ்ளோதான். தெர்மோஸ்டாட் ப்ரோப்ப (சூடு அளக்குற ஒயர் முனைய) அவ படுக்குற தரைமட்டத்துல ஒட்டு, மேல சொவத்துல ஒட்டிட்டு 32 காட்டுதுன்னு நம்பிட்டு இருக்காத, நான் மொத ஈத்துல அதத்தான் பண்ணேன், 22ல 9 ஸ்லக்.

முனியன இன்னைக்கே வேற பெட்டிக்கு மாத்து. தெர்மோஸ்டாட் வாங்கிட்டியா இல்லையா?

சாப்பாடு வேணாம்னா விட்டுரு. கேட்டா வழக்கமான சைஸ்ல பாதி எலி குடு, வயித்துல எடம் இல்ல. தூக்காத, அமுக்கிப் பாக்காத. "கோலிகுண்டு மாதிரி எண்ணலாம்"னு ஒருத்தன் வீடியோ போட்டிருப்பான், அவன் பேச்சக் கேக்காத.

---

கால்நடை_காயத்ரி | பிப்ரவரி 17

மேல அண்ணா சொன்னதெல்லாம் சரி. நான் எக்ஸாட்டிக் கிளினிக்ல (பாம்பு, கிளி மாதிரி செல்லப் பிராணிங்களப் பாக்குற இடம்) வேலை பாக்குறேன், அந்தப் பக்கத்துல இருந்து மட்டும் கொஞ்சம் சேத்துக்கறேன். சந்தேகம் தீரணும்னா ஒரு அல்ட்ராசவுண்ட் போதும், வலியும் இல்ல மயக்கமும் வேணாம். ஆனா அதுக்காக அவுட்டர் ரிங் ரோட்ல ஒன்றரை மணி நேரம் ஆட்டோல குலுக்கிக்கிட்டு போகணும்னா நான் வேணாம்னுதான் சொல்வேன், பக்கத்துல யாராவது இருந்தா பாருங்க. போறதா இருந்தா தெர்மாகோல் பெட்டில துணிப் பைக்குள்ள போட்டுக் கொண்டு போங்க.

நான் கேக்க வந்தது வேற. ரெண்டு பாம்பும் ஒரே ஆள்கிட்ட வாங்கினதா? உண்ணி இருக்கா? தண்ணி கிண்ணத்துல கருப்பு மிளகுப்பொடி மாதிரி மிதந்தா அது மைட்ஸ். போவாவுக்கு ஐபிடின்னு (இன்க்ளூஷன் பாடி டிசீஸ்) ஒரு நோய் இருக்கு, ரெப்டரீனா வைரஸ்னால வர்றது, மைட்ஸ் மூலமாவும் பரவும்னு சந்தேகம், தாய்கிட்ட இருந்து வயித்துக் குட்டிக்கும் போகும். வருஷக்கணக்கா வெளிய தெரியாமயே இருக்கும். தின்னத கக்குறது, தலைய வானத்தப் பாத்து நட்டுக்குறது, மல்லாத்தி விட்டா திரும்பத் தெரியாம தடுமாறுறது, இதெல்லாம் பாத்தா உடனே கூட்டிட்டு வாங்க. மருந்து கெடையாது. வெளிய எங்கயாவது டெஸ்ட் பண்ண வழியிருந்தா குட்டிய யாருக்கும் குடுக்குறதுக்கு முன்னாடி தாய்க்குப் பண்ணிருங்க.

அப்புறம் ஒட்டுனத பாக்கலன்னு சொன்னீங்கல்ல, ஒரு சுவாரஸ்யத்துக்கு சொல்றேன், போவாவுல ஆண் சேராமயே குட்டி வந்தது பதிவாகியிருக்கு. 2010ல அமெரிக்கால ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஒரே தாய் ரெண்டு ஈத்துல 22 குட்டி, அத்தனையும் பொண்ணு, அத்தனையும் தாயோட அந்த அபூர்வ கலர். இத்தனைக்கும் ஆண் பாம்புங்க கூடவே இருந்துச்சு. உங்க கேஸ்ல முனியன்தான் அப்பா, அதுல எனக்கு சந்தேகம் இல்ல 🙂

---

சும்மா_பாக்க_வந்தேன் | பிப்ரவரி 17

வாடகை வீட்ல பாம்புக்குப் பிரசவம். பாஸ் உங்க தைரியம் எனக்கு வராது. எங்கம்மா இதப் படிச்சா காட்டி சுப்ரமண்யாவுக்கு நேர்ந்துட்டு நாகர் கல்லு வெக்கணும்னு கெளம்பிருவாங்க, எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி குக்கே கோயிலுக்குப் போயி சர்ப்ப சம்ஸ்காரமே (பாம்பு தோஷப் பரிகாரம்) பண்ணிட்டு வந்துருவாங்க. பாம்பு குட்டி போட்டா வீட்டுக்குப் பால் பாக்கெட் எத்தன போடணும்?

---

பெட்டிக்குள்_பாம்பு | பிப்ரவரி 17

பால் குடிக்காது ராசா, எந்தப் பாம்பும் பால் குடிக்காது. தாகத்துல தவிக்க விட்டாத்தான் கெடைச்சதக் குடிக்கும். வந்ததுக்கு டீ சாப்ட்டுப் போ.

---

மர்ஃபிடவுன்_மச்சான் | பிப்ரவரி 19

புரோ வாழ்த்துக்கள். குட்டி வந்தா எனக்கு ஒரு ஜோடி எடுத்து வைங்க, கேஷ் ரெடி. பேப்பர் எல்லாம் வேணாம் புரோ, அந்த பரிவேஷ் தலவலி யாருக்கு வேணும், டப்பால போட்டுக் குடுத்தா பைக்ல வந்து வாங்கிக்கிறேன்.

---

பெட்டிக்குள்_பாம்பு | பிப்ரவரி 19

வந்துட்டான்யா. தம்பி அல்சூர், மே மாசம் உனக்கு இன்பாக்ஸ்ல இந்த மாதிரி இருபது பேரு வருவான், அதனால இப்பவே சொல்லிடறேன்.

போவா சைட்டிஸ் (வன உயிர் வியாபாரத்தக் கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தம்) அப்பெண்டிக்ஸ் 2ல இருக்கு. 2022ல வைல்ட்லைஃப் ஆக்ட்ட திருத்துனாங்க, 2023 ஏப்ரல் 1ல இருந்து அமல், அதுல நாலாவது ஷெட்யூல்ல இந்த வெளிநாட்டு ஜீவராசி எல்லாம் வந்துருச்சு. அதுக்கு ரூல்ஸ் 2024 பிப்ரவரி 28ல வந்துச்சு, ஆறு மாசம் டைம் குடுத்தாங்க, வெச்சிருக்கிறவன் எல்லாம் பரிவேஷ் 2.0ல பதியணும்னு. 2020ல சும்மா நீங்களா வந்து சொல்லுங்க பேப்பர் கேக்க மாட்டோம்னு ஒரு சலுகை விட்டாங்களே, அந்தக் காலம் முடிஞ்சுது. இப்ப குட்டி பிறந்தா சொல்லணும், செத்தா சொல்லணும், கை மாறுனா சொல்லணும். பேப்பர் இல்லாம குடுத்தா வாங்கினவன் மட்டும் இல்ல குடுத்த நீயும் மாட்டுவ. படிவம், கெடு எல்லாம் மல்லேஸ்வரம் ஆரண்ய பவன்ல (வனத்துறை ஆபீஸ்) ஒரு தடவ நேர்ல போயி கேட்டுட்டு வந்துரு, நெட்ல எவனோ சொன்னான்னு செய்யாத, நான் சொன்னேன்னும் செய்யாத. அர்ஜென்டினா போவான்னு ஒண்ணு இருக்கு, அது அப்பெண்டிக்ஸ் 1, அத ப்ரீட் பண்ண தனியா லைசென்ஸே வேணும், உன்னோடது அது இல்லன்னு பேப்பர்ல பேரு சரியா இருக்கான்னு பாத்துக்கோ.

மச்சானுக்கு ஒரு வார்த்தை. 2024 ஏப்ரல்ல நம்ம ஏர்போர்ட்ல பாங்காக் ஃப்ளைட்ல வந்த ஒருத்தன் பெட்டில பத்து மஞ்ச அனகோண்டா புடிச்சாங்க, ஞாபகம் இருக்கா? பேப்பர் வேணாம்னு சொல்ற ஆளுங்க இருக்கற வரைக்கும் அந்தப் பெட்டி வந்துட்டேதான் இருக்கும்.

இப்ப நான் ஏன் நிறுத்துனேன்னு கேளு. போவாவ சேர விடறது ஒரு பெரிய வித்தையே இல்ல, நீயே ஒரு செத்துப்போன தெர்மோஸ்டாட்ட வெச்சு பண்ணிட்ட. கஷ்டம் அதுக்கு மறுநாள் ஆரம்பிக்குது. இருபது குட்டின்னு வெய்யி. இருபது டப்பா, இருபது தண்ணிக் கிண்ணம், தனித்தனியா, ஏன்னா ஒண்ணாப் போட்டா எலிய ரெண்டு பக்கமும் கவ்விட்டு ஒண்ண ஒண்ணு முழுங்கப் பாக்கும். வாரத்துக்கு இருபது சுண்டெலி, மாசம் எம்பது, நான் வாங்குற இடத்துல ஒண்ணு 40 ரூபா, நீயே பெருக்கிக்கோ. ஃப்ரீசர்ல எலிக்குத் தனி டப்பா, வீட்டம்மாகிட்ட அதுக்குத் தனி பஞ்சாயத்து. இது ஒரு மாசம் ரெண்டு மாசம் இல்ல, எனக்குக் கடைசிக் குட்டி போக பதினாலு மாசம் ஆச்சு. அதுக்குள்ள அது மூணடி. நல்லா வெச்சா 25, 30 வருஷம் வாழுற சாமான், காலேஜ் பையன் வந்து கேக்குறான், கல்யாணம் ஆனா என்னடா பண்ணுவேன்னு கேட்டா முழிக்கிறான். நான் எட்டு பேர திருப்பி அனுப்புனேன், திமிரு புடிச்சவன்னு பேரு வாங்குனேன்.

மே மாசத்துக்குள்ள குட்டிக்கு டப்பா தேடறதுக்கு முன்னாடி ஆள் தேடு.

---

அல்சூர்க்காரன் | ஏப்ரல் 23

அண்ணா அவசரம். சாயந்தரம் மாங்கா மழை கொட்டுச்சு, தெரு ட்ரான்ஸ்ஃபார்மர் டமால்னுச்சு, ஆறு மணில இருந்து கரண்ட் இல்ல. யூபிஎஸ் ரெண்டு மணி நேரம் தாக்குப் புடிச்சுது. பெட்டி இப்ப 26. சட்டை உரிச்சதுல இருந்து நாள் கணக்கு 85. ரூம்ல மெழுகுவத்தி ஏத்தட்டுமா?

---

பெட்டிக்குள்_பாம்பு | ஏப்ரல் 23

மெழுகுவத்தி வேணாம், வீட்டக் கொளுத்திராத. கேஸ் அடுப்பு இருக்குல்ல, தண்ணி காய வெச்சு ரெண்டு லிட்டர் பாட்டில் நாலுல ஊத்து, கொதிக்கக் கொதிக்க இல்ல, கை வெச்சா பொறுக்குற சூடு. டவல்ல சுத்தி பெட்டிக்குள்ள ஒரு பக்கம் மட்டும் வெய்யி, அவ விலகிப் போக இடம் விடு. பெட்டி மேல கம்பளி போடு, காத்துத் துளைய மூடாத. மணிக்கு ஒரு தடவ மாத்து. ஒரு நைட் 26க்கு எறங்குனா ஒண்ணும் ஆகாது, பதறாத. நெசமா பயப்பட வேண்டியது மேல ஏறுறதுதான், இந்த வெயில்ல மத்தியானம் ரூமே 34 போகுது, 35 தாண்டி ரொம்ப நேரம் நின்னா தாய்க்கும் ஆபத்து குட்டிக்கும் ஆபத்து. பகல்ல ஃபேன் போட்டு வெய்யி.

---

அல்சூர்க்காரன் | ஏப்ரல் 24

ரெண்டே காலுக்குக் கரண்ட் வந்துச்சு. 25க்குக் கீழ எறங்கல. அந்த டவல் பாட்டில் மேலயே தலைய வெச்சுத் தூங்கிட்டா. எனக்குத்தான் ஆபீஸ்ல தூக்கம்.

---

அல்சூர்க்காரன் | மே 18

எறக்கிட்டா!!! நேத்து, 109வது நாள்.

விடிகாலை நாலரைக்கு ஒரு வாசனை வந்து முழிச்சேன், எப்புடி சொல்றது, பச்ச ரத்தமும் மழை நனைச்ச மண்ணும் கலந்த மாதிரி. டார்ச் அடிச்சா பெட்டி மூலைல ராணி சுருண்டிருக்கா, பக்கத்துல கண்ணாடித்தாள் சுத்துன ஜிலேபி மாதிரி ஒண்ணு ஒண்ணா கெடக்கு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு குட்டி, முழு டிசைனோட, அந்த செவப்பு வால் வரைக்கும் அப்புடியே. என் கண்ணு முன்னாடியே ஒண்ணு மூக்கால முட்டி முட்டி பைய கிழிச்சு தலைய மட்டும் வெளிய நீட்டி நாக்க ஒரு தடவ நீட்டுச்சு. அப்புடியே பத்து நிமிஷம் அசையல. நானும் அசையல.

மொத்தம் 24. உசுரோட 19, முழுசா வளந்து செத்துப் பொறந்தது 1, ஸ்லக் 4. ஒரு பை ரொம்ப நேரம் அசைஞ்சுட்டே இருந்துச்சு கிழியல, காயத்ரி மேடத்துக்கு அந்த நேரத்துல மெசேஜ் போட்டேன், ஓரமா விரலால கிள்ளி விடுங்க தொப்புளத் தொடாதீங்கன்னாங்க, விட்டேன், அதுவும் இப்ப நல்லாருக்கு. மேடம் நாலே முக்காலுக்கு ரிப்ளை பண்ணீங்க, கடன்பட்டிருக்கேன்.

பாதிக்கு இன்னும் தொப்புள் கொடி ஒட்டியிருக்கு, ஈர டிஷ்யூ போட்ட டப்பால வெச்சிருக்கேன், அதுவா காஞ்சு விழட்டும்னு விட்டுட்டேன். எடை போட்டேன், 48ல இருந்து 61 கிராம் வரைக்கும். ராணிய எடுத்து பெட்டி கழுவி திரும்ப விட்டாச்சு, பாவம் முதுகெலும்பு தெரியுது, தோல் தொளதொளன்னு தொங்குது. எப்ப சாப்பாடு வெக்கலாம்?

குட்டி கேக்குற ஆள் கணக்கு: நெசமான ஆள்னு நான் நம்புறது அஞ்சு பேரு. மச்சான் மூணு தடவ மெசேஜ் பண்ணிட்டாரு.

---

கால்நடை_காயத்ரி | மே 18

கடன் எல்லாம் இல்ல, நானும் நைட் ட்யூட்டிலதான் இருந்தேன். செத்த குட்டியத் தூக்கிப் போடாதீங்க, ஐஸ் பெட்டில போட்டு கொண்டு வாங்க, ஃப்ரீசர்ல வேணாம், ஃப்ரிட்ஜ் போதும். பாத்து எழுதித் தரேன், உங்க பதிவுக்கும் ஆகும். ராணிக்கு ஒரு வாரம் விட்டு சின்ன எலி ஒண்ணு, செரிச்சு வெளிய வந்தப்புறம் அடுத்தது. வெறி புடிச்ச மாதிரி கேப்பா, நம்பிப் பெருசு குடுத்தீங்கன்னா கக்கிருவா. வர்ற சீசன் முனியன் அந்தப் பக்கமே போகக் கூடாது, குறைஞ்சது ரெண்டு வருஷம்.

---

பெட்டிக்குள்_பாம்பு | மே 18

19/24, மொத தடவைக்கு இது நல்ல கணக்குடா. எனக்குப் பொறாமையா இருக்கு.

குட்டிக்கு மொத சட்டை ஒரு வாரம் பத்து நாள்ல உரியும், அதுக்கு முன்னாடி சாப்பாடு காட்டாத, வயித்துல மஞ்சக் கரு இன்னும் இருக்கும். உரிச்சப்புறம் முடி மொளச்ச சின்ன சுண்டெலி ஒண்ணு. கையில எடுத்துக் கொஞ்சற வேலையெல்லாம் மூணு தடவ தின்னதுக்கு அப்புறம். அஞ்சு பேருல யாரும் மூணு தீனி முடியாம எடுத்துட்டுப் போகக் கூடாது, உனக்கு பேஜாரு, அவனுக்கும் பேஜாரு. பதிஞ்சிட்டியா?

---

அல்சூர்க்காரன் | ஜூன் 14

பதிஞ்சாச்சு, 19ம். படம் எடுத்து ஏத்துறதுக்குள்ள ரெண்டு கடி வாங்குனேன், ஊசி குத்துன மாதிரிதான், ரத்தம் மட்டும் நிக்காம வந்துட்டே இருந்துச்சு. ஓனர் வாடகைக்கு வந்தப்ப ஷெல்ஃப் முழுக்க டப்பாவப் பாத்துட்டு என்னப்பா மசாலா பிசினஸான்னு கேட்டாரு, உண்மையச் சொல்லிட்டேன். ரெண்டு நிமிஷம் பேசல. அப்புறம் "காட்டு" ன்னாரு. இப்ப ஞாயித்துக்கிழம பேரனக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்காரு, வீடு காலி பண்ணச் சொல்றதுக்கு முன்னாடி வர்றாரா அப்புறமா வர்றாரான்னு தெரியல.

18 நல்லா திங்குது. அந்தக் கிள்ளி எடுத்த குட்டி மட்டும், 48 கிராம், ரெண்டு தடவ சட்டை உரிச்சுருச்சு ஒரு வாய் திங்கல. செத்த எலிய காட்டினேன், ஆட்டிக் காட்டினேன், சூடு பண்ணிக் காட்டினேன், டப்பா மூலைல போயி சுருண்டுக்குது. வாயத் தொறந்து ஊட்டி விட்டுரலாமா?

---

பெட்டிக்குள்_பாம்பு | ஜூன் 14

ஊட்டாத, அது கடைசி வழி. இப்ப இருக்கறத விட சின்ன டப்பாவுக்கு மாத்து, உள்ளங்கை அளவு, நாலு ஓட்டை போட்டுக்கோ. கசங்குன டிஷ்யூ ரெண்டு. ராத்திரி எட்டு மணிக்கு எலிய நல்லா சூடு பண்ணித் தொடச்சு உள்ள வெச்சு மூடி, மேல கருப்புத் துணி போட்டு, இருட்டு அலமாரிக்குள்ள வெச்சுட்டுக் கதவ சாத்து. அலமாரி 28க்குக் கொறையாம இருக்கணும். விடியற வரைக்கும் தொறந்து பாக்கக் கூடாது, ஒரு தடவ கூட. உன்னால முடியாதுன்னு எனக்குத் தெரியும், அதனால சாவிய ஓனர்கிட்ட குடுத்துரு.

---

அல்சூர்க்காரன் | ஜூன் 15

மூணு மணிக்கு ஒரு தடவ தொறந்துட்டேன் அண்ணா, திட்டாதீங்க. எலி வாலு மட்டும் வாய்க்கு வெளிய தொங்கிட்டு இருந்துச்சு.